எந்தத் துணி நமக்கு ஏற்றது?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் உயர்கல்வியைப் பற்றியும், அரசுப் பணித் தேர்வுகளைப் பற்றியும், நமக்குரிய சட்டப் பாதுகாப்புகளைப் பற்றியும் விரிவாக எடுத்துரைத்தார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட பொருளோ துணி. நிகழ்ச்சி நிரலைக் கண்ட நண்பர் ஒருவர், “ஜவுளிக் கடையில் பேச வேண்டியதை மேடையில் பேசப் போகிறீர்களா?” என்று கேலி செய்தார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஆயினும் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வரும் கல்வியாண்டு முதல் நம் விடுதி மாணவ மாணவியர்க்குச் சங்கமே சீருடை தைத்துக் கொடுப்பதென்று பொதுக்குழு முடிவு செய்தது. எந்தத் துணியில் தைப்பது என்பதில்தான் செயற்குழு மூன்று முறை கூடியும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. பருத்தியே உடலுக்கு நல்லது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். டெரிகாட்டனே நீடித்து உழைக்கும், கசங்காது என்று மறு சாரார் சொல்கிறார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னை அழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்று பணித்திருக்கிறார்கள்.

நான் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்வழக்கில் நான் நடுநிலையானவன் அல்லன். 1973-இல் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது, என் தகப்பனார் எனக்கு ஒரு டெரிலின் சட்டை எடுத்துக் கொடுத்தார். அறுவடைக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய சட்டை அது. அதற்கு முன் நான் அணிந்தவை எல்லாம் முரட்டுப் பருத்திச் சட்டைகள். துவைத்தால் சுருங்கும், காய்ந்தால் விறைக்கும், இஸ்திரி போடாவிட்டால் கசங்கியே கிடக்கும். இஸ்திரிப் பெட்டி எங்கள் தெருவில் எவரிடமும் இல்லை. ஊர்த் தெருவில் இருந்த இஸ்திரிக்காரர் எங்கள் துணியைத் தொடமாட்டார். பித்தளைச் செம்பில் தணலை இட்டு அதை வைத்துத் தேய்ப்பார் என் தாயார். டெரிலின் சட்டை வந்தபின் அந்தத் தொல்லை இல்லை. இரவில் அலசிக் கொடியில் போட்டால் விடியற்காலையில் காய்ந்திருக்கும். மடிப்புக் கலையாமல் இருக்கும். வகுப்பில் என் பக்கத்தில் அமர்ந்தவனுக்கும் எனக்கும் துணியால் வேறுபாடு தெரியாத முதல் நாள் அந்த நாள்தான். எனவே, “செயற்கை இழை” என்றதும் முகம் சுளிப்பவர்களோடு என்னால் முழுமையாக உடன்பட இயலாது. அதே சட்டை சித்திரை வெயிலில் என்னை வேகவைத்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

துணி என்பது நமக்கு வெறும் துணியாக இருந்ததில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தின் சில பகுதிகளில் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகளை ஆதிக்கச் சாதியார் விதித்தனர் என்று ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. கோட்டோ, சட்டையோ, பனியனோ போடலாகாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைக்கலாகாது. குடையும் செருப்பும் கூடாது. எட்டுத் தடைகளில் பாதிக்கு மேல், உடலில் என்ன இருக்கலாம் என்பதைப் பற்றியவை. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1927 டிசம்பரில், மகாத் மாநாட்டின்போது அண்ணல் அம்பேத்கர் பெண்களைத் தனியே கூட்டிப் பேசினார். இன்ன சாதி என்று காட்டிக்கொடுக்கும் முறையில் புடவை கட்டுவதைக் கைவிடுமாறு அவர்களிடம் சொன்னார். பெண்கள் பலர் அவ்வாறே கட்டும் முறையை மாற்றிக்கொண்டனர். எந்த இழை என்ற கேள்வி அன்று எழவே இல்லை. உடுத்தலாமா என்பதே கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்வியை முன்னோர்கள் தீர்த்து வைத்ததால்தான், எதை உடுத்தலாம் என்று நாம் இன்று நிதானமாக ஆராய முடிகிறது.

இனி இழைகளுக்கு வருகிறேன்.

பருத்தி இழை, விதையின் தோலிலிருந்து முளைக்கும் ஒரு மயிர். ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உயிரணு. காய் வெடித்து உலரும்போது, உள்ளே குழலாக இருக்கும் அந்த இழை தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கினால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூலாகின்றன. கோவில்பட்டி, விருதுநகர்க் கரிசலில் விளைந்த கருங்கண்ணி குட்டை இழையுடையது. ஆலைகள் நீண்ட இழையைக் கேட்டதால் கம்போடியாப் பருத்தி வந்தது. பின்னர் 1974-இல் கோவை ஆராய்ச்சி நிலையத்தார் சுவின் என்ற மிக நீண்ட இழைப் பருத்தியை வெளியிட்டனர். பொருள் வகையில் இவை எல்லாம் செல்லுலோஸ் என்ற ஒரே பொருள்தான். குளுக்கோஸ் என்னும் சர்க்கரை அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி அது. அச்சங்கிலி நெடுக, தண்ணீரை ஈர்த்துப் பிடிக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. பருத்தி வியர்வையை உறிஞ்சும் மருமம் இதுவே.

கம்பளியும் பட்டும் விலங்குப் புரதங்கள். நம் ஊர் வெயிலில் அன்றாட உடைக்கு அவற்றுக்கு இடமில்லை என்பதால் அவற்றை விட்டுச் செல்கிறேன். திருமணத்திற்குப் பட்டு வாங்குவோர், உரை முடிந்தபின் நான் காட்டவிருக்கும் சோதனையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

செயற்கை இழைகளின் கதை நெடியது. 1889-இல் பாரிஸ் பொருட்காட்சியில் சார்டோனே என்பவர் தாம் ஆக்கிய செயற்கைப் பட்டைக் காட்டினார். 1892-இல் ஆங்கிலேயர் சிலர் விஸ்கோஸ் முறையைக் கண்டனர். இந்த ரேயான் பாதி இயற்கை, பாதி செயற்கை. மரத்தின் செல்லுலோஸையே கரைத்து, மீண்டும் இழையாக இழுப்பது. பருத்தியைவிடவும் நீரை அதிகம் ஏற்கும். ஆனால் நனைந்தவுடன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். பருத்தியோ நனைந்தால் முன்னைவிட வலிமை பெறும். நம் பெண்கள் பாறையில் அறைந்து துவைத்தாலும் பருத்திப் புடவை தாங்குவதும், ரேயான் புடவை நான்கே மாதத்தில் நைந்துபோவதும் இதனால்தான். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. விஸ்கோஸ் ஆக்கும் ஆலைகளில் பயன்படும் கார்பன் டைசல்பைடு தொழிலாளியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

முழுச் செயற்கை இழை நைலான். அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ் குழுவினர் 1935-இல் அதை உண்டாக்கினர். 1940-இல் நைலான் காலுறைகள் கடைக்கு வந்தன. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் பாலியெஸ்டரைக் கண்டனர். டெரிலின், டெக்ரான், டெரீன் என்று நாம் கேட்டவை எல்லாம் இந்த ஒன்றின் வணிகப் பெயர்களே. பெட்ரோலியத்திலிருந்து வரும் இரண்டு பொருள்களை இணைத்து, 280 டிகிரி அளவில் உருக்கி, நுண்துளைகளுள்ள தகட்டின் வழியே பிழிந்து, ஆறியபின் பல மடங்கு நீளத்திற்கு இழுத்தால் பாலியெஸ்டர் இழை கிடைக்கிறது. மாணவர்களே, நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் புட்டியும் டெரிலின் சட்டையும் வேதியியலில் ஒரே பொருள்தான். புட்டிகளை உருக்கி இழையாக்கிச் சட்டை தைப்பது இன்று பெருந்தொழிலாகிவிட்டது.

அந்தச் சங்கிலியில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் தொகுதிகள் ஏறக்குறைய இல்லை. அளவைப் பாருங்கள். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காடு உள்ளபோது, 100 கிராம் பருத்தி ஏறத்தாழ 7 முதல் 8 கிராம் நீராவியைத் தன்னுள் வைத்திருக்கும். பட்டு 11 கிராம், கம்பளி 15 கிராம் அளவில் வைத்திருக்கும். நைலான் 4 கிராம். பாலியெஸ்டரோ அரைக் கிராம்கூட இல்லை. என் சட்டை விரைவில் காய்ந்ததற்கும், அதே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு வியர்வையை வழியவிட்டதற்கும் காரணம் இந்த ஒரே எண்தான். ஒரு குணத்தை வேண்டும் என்றும் மற்றதை வேண்டாம் என்றும் தனித்தனியே கேட்க முடியாது.

இதில் ஒரு திருத்தம் உண்டு. விளையாட்டு வீரர்கள் அணியும் மெல்லிய பின்னலாடை பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். இழையின் குறுக்குவெட்டையும் பின்னலையும் மாற்றி, வியர்வை இழைகளுக்கிடையே பரவி ஆவியாகும்படி செய்கிறார்கள். காற்றோட்டமுள்ள திடலில் ஓடுபவனுக்கு அது நல்ல உடை. காற்றாடி சுழலாத வகுப்பறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கு அது பொருந்தாது. பாலியெஸ்டர் எண்ணெயை விரும்பும். உடலின் எண்ணெய்ப் பசையும் நாற்றமும் அதில் தங்கிவிடும். சோப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வீட்டில் இது சிறிய குறை அன்று. நம் பிள்ளைகளின் சட்டையை முகர்ந்துபார்த்துச் சாதியைத் தேடும் மூக்குகள் இன்னும் ஒழிந்துவிடவில்லை.

இப்போது, இயற்கை இழை என்றாலே தூயது, செயற்கை என்றாலே தீயது என்று சொல்வோருக்கு ஒரு வார்த்தை. பருத்தியை மட்டும் நூற்று நெய்த காலத்தில் நமக்கு என்ன கிடைத்தது? நம்மவர்க்கு நெசவு புதிதன்று. பட்டியல் சாதிகளுள் ஒன்றான கோலியர் வழிவழியாகத் தறி நெய்தவர்கள். ஆனால் ஆலைத் தறி வந்ததும் கதை வேறாயிற்று. பம்பாய்ப் பருத்தி ஆலைகளில், நாடாவில் ஊடைநூல் தீர்ந்ததும் புதுக் கட்டையை மாட்டி, நூலின் நுனியை நாடாவின் துளையில் வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரே நாடாவைப் பலர் உறிஞ்ச நேரும். தீண்டாதார் வாய்பட்ட நூலைத் தாங்கள் உறிஞ்சுவதா என்று சாதி இந்துத் தொழிலாளர் மறுத்தனர். அதனால் கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் தாழ்த்தப்பட்டோருக்கு இடமில்லாமற் போயிற்று. நூற்புப் பகுதியில் குறைந்த கூலியே அவர்களுக்கு வாய்த்தது. 1928-இல் பம்பாய் ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தபோது, இந்த அநீதியை நீக்குவதையும் கோரிக்கையில் சேர்த்தாக வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். தொழிலாளர் ஒற்றுமை பேசிய தலைவர்களுக்கு அது உடனே இனிக்கவில்லை. மிகுந்த வற்புறுத்தலுக்குப் பிறகே இசைந்தனர். அந்த நூல் நூற்றுக்கு நூறு இயற்கையான பருத்தி நூல்தான். தீட்டைக் கண்டது நூலின் வேதியியல் அன்று. பிற்காலத்தில் நாடா இல்லாத தறிகள் வந்து, நூலை வாயால் உறிஞ்சும் வேலையே பெரிய ஆலைகளிலிருந்து மறைந்தது.

பருத்தியின் கணக்கில் சேர்க்க வேண்டியவை இன்னும் உண்டு. நூற்பாலையில் பஞ்சைக் கொட்டிச் சுத்தம் செய்யும் பகுதியில் கல்லூரிக்கு முன் ஈராண்டு வேலை பார்த்தவன் நான். பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து மூச்சிழுக்கும் நோய் எத்தனை பேரைத் தின்றது என்று நேரில் கண்டிருக்கிறேன். விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுகும். அந்நோய்க்கு அதுவே அடையாளம். திருமணத்திற்குத் தொகை தருவோம் என்று சொல்லி, நம் தெருப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டுக்கு நூற்பாலை விடுதிகளில் அடைத்துவைத்த முறையை இங்குள்ள தாய்மார்கள் பலர் அறிவார்கள். பருத்திப் பனியனுக்குச் சாயமேற்ற உப்பு மிகுதியாக வேண்டும். அந்த உப்பும் சாயமும் நொய்யலில் கலந்து ஆற்றைக் கெடுத்ததால், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. காட்டில் பூச்சிமருந்து தெளிப்பவரும் பருத்தி எடுக்கும் பெண்களும் பெரும்பாலும் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாலியெஸ்டரின் கணக்கும் சுத்தமன்று. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உதிர்ந்து நீர்நிலைக்குச் செல்கின்றன. அவை எளிதில் மட்குவதில்லை. பருத்தியிலும் இழை உதிரும், ஆனால் அது மண்ணில் மட்கிவிடும். இன்று உலகில் ஆக்கப்படும் இழைகளில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர், பருத்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். என் இளமையில் டெரிலின் பணக்காரர் துணி. அரசு அதற்குக் கடுமையான வரி விதித்திருந்தது. 1985-இன் ஜவுளிக் கொள்கைக்குப் பின் நிலைமை படிப்படியாக மாறிற்று. இன்று மலிவான துணி பாலியெஸ்டர். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த தூய பருத்தியோ வசதி படைத்தோரின் அடையாளம். என் தகப்பனார் ஒரு மாதக் கூலியைக் கொடுத்து எந்தத் துணியிலிருந்து என்னை விடுவித்தாரோ, அந்தத் துணியை இன்று கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கிறார்கள்.

வசதியும் விலையும் ஒருபுறம் இருக்கட்டும். உயிரைப் பற்றிய ஒரு செய்தி உண்டு. இதை நான் மெதுவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1979-இல் என் தமக்கையின் புடவை முந்தானையில் மண்ணெண்ணெய் அடுப்பின் தீ பற்றியது. அவர் கட்டியிருந்தது நைலக்ஸ் புடவை. அக்காலத்தில் எல்லாப் பெண்களும் ஆசைப்பட்ட புடவை. பற்றிய தீயை அண்டை வீட்டார் கோணி போட்டு விரைவில் அணைத்துவிட்டனர். ஆனால் நைலான் உருகித் தொடையிலும் வயிற்றிலும் ஒட்டிக்கொண்டது. மருத்துவமனையில் அதைத் தோலோடுதான் உரிக்க வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அந்தத் தழும்போடு வாழ்ந்தார். கடைசிவரை எந்தக் கடையிலும் துணியைக் கையில் தேய்த்துப் பார்த்து, “இது உருகுமா?” என்றுதான் கேட்பார்.

பருத்தியும் எரியும். தளர்வான மெல்லிய பருத்தி மிக விரைவாகவே எரியும். ஆகவே பருத்தி தீயிலிருந்து காக்கும் என்று எவரும் எண்ண வேண்டா. வேறுபாடு இதுதான்: பருத்தி எரிந்து சாம்பலாகும். நைலானும் 260 டிகிரி அளவில் உருகும் பாலியெஸ்டரும் கொதிக்கும் பிசினாகித் தோலில் ஒட்டும். கலப்புத் துணியில் மற்றோர் ஆபத்து. தனிப் பாலியெஸ்டர் சில வேளைகளில் உருகிச் சொட்டித் தீயிலிருந்து விலகிவிடும். கலப்பிலோ பருத்தி இழை விளக்குத் திரியைப்போல் நின்று, உருகிய பாலியெஸ்டரைப் பிடித்துவைத்து எரியவிடும். அடுப்பருகே நிற்போரும், உலையில் வேலை செய்வோரும், பற்றவைப்புப் பட்டறையில் இருப்போரும், தீபாவளியன்று பட்டாசு கொளுத்தும் பிள்ளைகளும் நெருக்கமாக நெய்த, உடலோடு ஒட்டித் தைத்த பருத்தியையே அணிய வேண்டும். சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் செயற்கை இழை உடை கூடாது என்பது பாதுகாப்பு விதி. உராய்வினால் அவ்விழையில் மின்னேற்றம் சேரும். ஒரு சிறு பொறி போதும், மருந்து வெடிக்க. அங்கு வேலைக்குச் செல்லும் நம் உறவினர்கள், விதியை யாரும் நினைவூட்டாவிட்டாலும் பருத்தி உடுத்தியே செல்ல வேண்டும்.

பாதுகாப்பு உடை என்ற பேச்சு எழுந்தபோது ஓர் இளைஞர், சாக்கடைக் குழியில் இறங்குவோருக்கு எந்தத் துணி நல்லது என்று எனக்கு எழுதிக் கேட்டார். தம்பி, அதற்கு ஏற்ற துணி இவ்வுலகில் இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு ஏற்பாடின்றி மனிதரை அவ்வேலைக்கு உட்படுத்துவதைத் தடை செய்கிறது. இயந்திரம் இறங்கட்டும்.

வீட்டில் பயன்படும் சில குறிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். சலவைச் சோடாவைப் பருத்தி தாங்கும், கம்பளியும் பட்டும் தாங்கா. நைலானைக் கடும் வெயிலில் நெடுநேரம் உலர்த்தினால் வலுக் குன்றும். வெளுக்கும் தூள் பருத்திக்கு அளவோடு ஆகும், பட்டுக்கு ஆகவே ஆகாது. பாலியெஸ்டரில் பட்ட எண்ணெய்க் கறையை உடனே சோப்பிட்டு நீக்காவிட்டால் பிறகு போகாது. உள்ளாடை எல்லாருக்கும் பருத்தியாகவே இருக்கட்டும். மாதவிலக்கு நாட்களில் துணி பயன்படுத்தும் பெண்களும் மாணவியரும், பழையதாயினும் தூய பருத்தித் துணியையே கொள்ள வேண்டும். அதை மறைவில் ஈரத்தோடு சுருட்டி வைக்காமல் நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. பாலியெஸ்டர் துணி எதையும் உறிஞ்சாது, புண்ணையே உண்டாக்கும்.

இனிச் சீருடை. செயற்குழுவினர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரு சாராருக்கும் முழு வெற்றியை நான் தரவில்லை.

கடையில் டெரிகாட்டன் என்று கிடைப்பது பெரும்பாலும் 67 பங்கு பாலியெஸ்டரும் 33 பங்கு பருத்தியும் சேர்ந்தது. பருத்தியின் நீளத்திற்குப் பாலியெஸ்டரை வெட்டி, இரண்டையும் கலந்து நூற்கிறார்கள். கால்சட்டைக்கும் பாவாடைக்கும் இது போதும். அவை உடலோடு ஒட்டுவதில்லை, தரையில் உட்கார்ந்து எழும் தேய்மானத்தைத் தாங்க வேண்டும், மடிப்பு நிற்க வேண்டும். சட்டைக்கு இது வேண்டா. சட்டைக்குப் பருத்தி மிகுந்த கலப்பைக் கேளுங்கள். 60 பங்குக்குக் குறையாத பருத்தியும் மீதி பாலியெஸ்டரும் உள்ள துணி கிடைக்கிறது. தனிப் பருத்திச் சட்டையை நான் சொல்லாததற்குக் காரணம் நம் விடுதியின் நிலை. எழுபது பிள்ளைகளுக்கு ஓர் இஸ்திரிப் பெட்டிதான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தனிப் பருத்தி இரண்டு நாள் ஆனாலும் காயாது. ஈரச் சட்டையோடு பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் இயற்கை இழையின் பெருமையைப் பேசுவது கொடுமை. கசங்கிய சட்டையோடு போனால் நம் பிள்ளையை ஆசிரியர் என்ன சொல்லுவார் என்பதும் எனக்குத் தெரியும். நான் மாணவனாகவும் இருந்தேன், ஆசிரியனாகவும் இருந்தேன்.

விலையைப் பற்றிப் பொருளாளர் கவலைப்படுகிறார். மீட்டர் விலையைப் பார்க்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். 300 ரூபாய்ச் சட்டை 60 சலவையில் கிழிந்தால் ஒரு சலவைக்கு 5 ரூபாய். 400 ரூபாய்ச் சட்டை 100 சலவை தாங்கினால் ஒரு சலவைக்கு 4 ரூபாய். விலைப்புள்ளி கேட்கும்போது ஒவ்வொரு கடையிலும் அரை மீட்டர் மாதிரி வாங்கி, விடுதியிலேயே இருபது முறை துவைத்துப் பாருங்கள். சுருக்கத்தையும் சாயத்தையும் நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். அதன்பின் கொள்முதல் செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டுக்குப் பதில் மூன்று இணை கொடுக்க முடிந்தால், பருத்தியின் பங்கை இன்னும் கூட்டலாம். சமையற்கூடத்தில் பணிபுரியும் அம்மாக்கள் மூவருக்கு மட்டும் தனிப் பருத்தியில் புடவையும், முன்புறம் கட்டும் மேலாடையும் சங்கம் வாங்கித்தர வேண்டும். இதில் கலப்பே கூடாது. அதற்கான செலவு அதிகமென்றால் அதை நானே ஏற்கிறேன். என் தமக்கையின் நினைவாக அது இருக்கட்டும்.

கடைக்காரர் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்கிறீர்கள். நம்ப வேண்டா. துணியின் ஓரத்திலிருந்து பாவில் ஒரு நூலும் ஊடையில் ஒரு நூலும் உருவி, இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து, தொட்டால் உதிரும் மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் நாற்றம் தந்து, நசுக்கினால் பொடியாகும் கரியாகும். பாலியெஸ்டர் சுடரைக் கண்டு சுருங்கி உருகிக் கரும்புகை விட்டு, நசுங்காத கெட்டி மணியாகும். நைலானும் உருகி மணியாகும். கலப்புத் துணி இரண்டு குணத்தையும் காட்டும். ரேயானும் பருத்தியும் ஒன்றுபோலவே எரிவதால் அவற்றை நெருப்பால் பிரிக்க முடியாது. அந்த நூலை நாவில் நனைத்து இழுத்துப் பாருங்கள். எளிதில் அறுந்தால் ரேயான்.

ஐந்து துணித்துண்டுகளை எண்ணிட்டு இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். எது எது என்று செயலாளருக்கும் தெரியாது. ஸ்பிரிட் விளக்கும் இடுக்கியும் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கின்றன. பதினோராம் வகுப்பு மாணவியர் நால்வர் மேடைக்கு வாருங்கள். தாவணியை இறுகச் செருகிக்கொண்டு வாருங்கள். விளக்கை ஏற்றுகிறேன்.